கடலின் இளைப்பாற்றி

தமிழ்க் கத்தோலிக்கராகிய நமக்கு ‘இளைப்பாற்றி’ என்னும் சொல் சிறு வயதிலிருந்தே பழக்கமானது. ஆனால் அதை நாம் சொல்லும் இடம் பெரும்பாலும் கல்லறைத் தோட்டமாகவே இருக்கிறது. இறந்தோருக்கு நித்திய இளைப்பாற்றியை வேண்டுகிறோம். வாழ்வோருக்கு அதை வேண்டுவோர் அரியர். களைத்தவர் சற்றே உட்கார்ந்தால் அதைச் சோம்பல் என்கிறோம். ஒரு நாள் கடையை அடைத்தால் அதை இழப்பு என்கிறோம். கோடை விடுமுறைக்குக் கடற்கரை சென்று வந்ததைப் பற்றி எழுதப் புகுந்த நாங்கள் இச்சொல்லோடு தொடங்குவதற்குக் காரணம் உண்டு.

எங்கள் தந்தையார் திண்டுக்கல்லை அடுத்த ஒரு சிற்றூரில் நாற்பத்திரண்டு ஆண்டுகள் மளிகைக் கடை நடத்தியவர். பெரிய வெள்ளியும் கிறிஸ்து பிறப்பு விழாவும் தவிர மற்ற நாள்களில் கடைக் கதவு அடைபட்டிருந்ததை நாங்கள் கண்டதில்லை. ஞாயிறன்றும் முதல் திருப்பலி முடிந்த கையோடு கடை திறந்துவிடும். மணமான புதிதில், மணப்பாட்டுத் திருச்சிலுவைக் கோவிலுக்கு ஒருமுறை அழைத்துச் செல்வதாக அம்மாவிடம் அவர் சொல்லியிருந்தார். ஒவ்வொரு கோடையிலும் அந்தப் பேச்சு எழும். “அடுத்த வருஷம் பாப்போம்” என்ற விடையும் தவறாமல் வரும். சென்ற ஆண்டு தவக்காலத்தில் அவர் இறைவனில் இளைப்பாறினார். இறப்பு அறிவிப்பில் அச்சிட்டிருந்த அந்தச் சொல்லை அம்மா விரலால் தொட்டுப் பார்த்து, “இப்பத்தான் அவுகளுக்கு லீவு கெடச்சிருக்கு” என்றார்.

ஓராண்டு நினைவுத் திருப்பலி முடிந்த பிறகு, மே மாதத்தின் பிற்பகுதியில், அம்மாவும் பிள்ளைகள் நாங்கள் மூவரும் எங்கள் துணைவரும் குழந்தைகளுமாகப் பதினொருவர் புறப்பட்டோம். தூத்துக்குடியில் தொடங்கி மணப்பாடு, உவரி, கன்னியாகுமரி வழியாக முட்டத்தில் முடிவதாகப் பயணம் அமைந்தது. நான்கு நாள்கள். வாடகைக்கு ஒரு வேன். முத்துக்குளித்துறை என்று திருச்சபை வரலாற்றில் பெயர் பெற்ற கரையும், அதைத் தொடர்ந்து மேற்கே திரும்பும் குமரிக் கரையும் இவ்வழியில் வந்துவிடுகின்றன.

கட்டிக் கிடந்த படகுகள்

சனிக்கிழமை காலை தூத்துக்குடி சேர்ந்து, முதலில் பனிமய மாதா பேராலயத்திற்குச் சென்றோம். 1555இல் மணிலாவிலிருந்து கப்பலில் வந்த அன்னையின் திருவுருவம் அங்கே உள்ளது. முதற்கோவில் 1582இல் எழுந்தது. இன்றைய கோவில் 1713ஆம் ஆண்டைச் சேர்ந்தது. 1982இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் இதைப் பேராலயமாக உயர்த்தினார். ஆகஸ்ட் 5 அன்று பெருவிழா. 1806இல் முதன்முதலாக இழுக்கப்பட்ட தங்கத்தேர் ஆண்டுதோறும் ஓடுவதில்லை; சிறப்பு ஆண்டுகளில்தான் ஓடும். அண்மையில் 2023இல் ஓடியது. விழா இல்லாத நாளில் சென்றதால் அம்மாவால் பீடத்தருகே நெடுநேரம் அமர முடிந்தது. கூட்டத்தில் காணும் அன்னை வேறு. தனிமையில் காணும் அன்னை வேறு.

கோவிலிலிருந்து மீன்பிடித் துறைமுகம் சென்ற போதுதான் குழந்தைகள் ஏமாந்து போனார்கள். மீன் ஏலத்தையும் படகுகள் கரை சேரும் பரபரப்பையும் அவர்கள் எதிர்பார்த்திருந்தார்கள். ஆனால் விசைப்படகுகள் ஒன்றோடொன்று தோள் உரச வரிசையாகக் கட்டிக் கிடந்தன. சில படகுகளில் வண்ணம் பூசிக்கொண்டிருந்தனர். நிழலில் அமர்ந்து வலை பின்னிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் குழந்தைகளைப் பார்த்துச் சிரித்தார்.

“கடலுக்கு லீவு விட்டிருக்கு, மக்களே. மீனு குஞ்சு பொரிக்கிற காலம். இப்ப மடியப் போட்டு வாரினா நாளைக்கு எதப் பிடிக்க?”

விசைப்படகுகளின் மீன்பிடித் தடைக்காலத்தைத்தான் அவர் குறிப்பிட்டார். தமிழகத்தில் 2001 முதல் இத்தடை நடைமுறையில் இருக்கிறது. தொடக்கத்தில் 45 நாள்கள். 2017 முதல் 61 நாள்கள். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15இல் தொடங்கி ஜூன் 14இல் முடிகிறது. மீன்கள் இனம் பெருக்கும் பருவம் அது. கடலின் அடித்தரையை வாரிக்கொண்டு வரும் இழுவை மடி அப்பருவத்தில் இறங்கினால், தாயும் முட்டையும் குஞ்சும் ஒருசேர அழிந்துபோகும். வல்லம், கட்டுமரம் போன்ற நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லை. ஆதலால் மே மாதத்தில் இக்கரைக்கு வருவோர்க்கு மீன் கிடைக்காமற் போவதில்லை; சிறு படகுகள் கொண்டுவரும் சிறிதளவு மீன் கிடைக்கும், விலையும் சற்றுக் கூடுதலாக இருக்கும்.

“உங்களுக்கும் லீவுதானே, தாத்தா?” என்று எங்கள் வீட்டுச் சிறுமி கேட்டாள். அவர் வலையிலிருந்து கண்ணெடுக்காமலே, “லீவுதான் தாயி. வயித்துக்கு லீவு இல்லையே” என்றார். தடைக்காலத்திற்கு அரசு நிவாரணத் தொகை தருகிறது. அதை வைத்து இரண்டு மாதங்களைத் தள்ள முடிவதில்லை, வட்டிக்கு வாங்குவோர் உண்டு, கட்டட வேலைக்குப் போவோரும் உண்டு என்று அவர் சொன்னார். ஓய்வு என்பது எல்லாருக்கும் ஒரே பொருள் தருவதன்று என்பதை முதல் நாளிலேயே அந்தத் துறைமுகம் எங்களுக்குக் கற்பித்தது.

அன்று மாலை உப்பளங்களைப் பார்க்கச் சென்றோம். கடலுக்கு ஓய்வு வாய்க்கும் அதே கோடையில்தான் உப்பளத்திற்கு வேலை மிகுதி. பாத்திகளில் நீர் வற்ற வற்ற, வெள்ளை மேலும் வெள்ளையாகிக் கண்ணைப் பறிக்கும். வெயிலுக்கு அஞ்சித் தொழிலாளர்கள் விடியுமுன்னரே வேலைக்கு இறங்கிவிடுவர். வாரிக் குவித்த உப்புக் குவியல்களை மாலை வெயிலில் படம் எடுத்துக்கொள்வது பயணிகளுக்கு எளிது. ஒரு நாள் அதிகாலையில் சென்று அந்தக் கால்களையும் பார்த்துவிட்டு வருவது நல்லது. திரும்பும் வழியில், முட்டை வெண்கருவும் முந்திரியும் சர்க்கரையும் சேர்த்துச் செய்யும் தூத்துக்குடி மக்ரூன் இரண்டு பொட்டலம் வாங்கினோம். பல் இல்லாதவர்க்கும் ஏற்ற பண்டம் அது என்பது அம்மாவின் தீர்ப்பு.

சிலுவைக் குன்றின் நிழலில்

ஞாயிற்றுக்கிழமை விடியலில் தெற்கு நோக்கிப் புறப்பட்டோம். நேரம் இருப்போர் ஏரலுக்கு அருகிலுள்ள கொற்கையைப் பார்த்துச் செல்லலாம். சங்க காலப் பாண்டியரின் முத்துத் துறைமுகம் அது. இன்று கடல் சில கிலோமீட்டர் தள்ளிப் போய்விட, வயல்களுக்கு நடுவே அமைதியான ஊராக இருக்கிறது. முத்துக்குளிப்பும் ஆண்டுதோறும் நடந்ததன்று. பார்களில் சிப்பி முதிர்ந்திருக்கிறதா என்று முதலில் சோதிப்பார்கள். முதிராவிட்டால் குளிப்பு இல்லை. குளிப்பே இல்லாமல் பல ஆண்டுகள் சேர்ந்தாற்போல் கழிவதும் உண்டு. தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. காத்திருத்தல் இக்கரைக்குப் புதிதன்று.

திருச்செந்தூரில் அலைக்கு எதிரே முருகன் கோவில் நிற்கிறது. அங்குள்ள நாழிக்கிணற்றின் நீர் கடலுக்கு அவ்வளவு அருகிலிருந்தும் உப்பாக இல்லை. அதைத் தாண்டினால் உடன்குடி. சாலையின் இருபுறமும் பனைகள், செம்மணல் தேரிகள். பதநீர்ப் பருவமாதலால் பனையோலைப் பட்டையில் வாங்கிக் குடித்தோம். கருப்பட்டிக்குப் பெயர் பெற்ற ஊர் என்பதால், வீட்டில் காப்பிக்கு ஆகும் என்று அம்மா இரண்டு கிலோ வாங்கிக்கொண்டார்.

மணப்பாடு முதற்பார்வையிலேயே மனத்தைக் கவர்ந்துவிடுகிறது. கடலுக்குள் நீண்ட மணற்பாறைக் குன்றின் உச்சியில் 1581இல் கட்டப்பட்ட திருச்சிலுவைக் கோவில் வெண்மையாக நிற்கிறது. புயலில் சிக்கிய போர்த்துக்கீசிய மாலுமிகள் பிழைத்துக் கரை சேர்ந்த நன்றிக்காகத் தம் கப்பலின் பாய்மரத்தையே சிலுவையாக்கி இக்குன்றில் நட்டனர் என்பது ஊரின் மரபு. குன்றின் அடியில் கடலை நோக்கியிருக்கும் குகையில், 1542இல் இக்கரைக்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியார் தங்கிச் செபித்தார் என்பர். கையில் மணியோடு தெருத்தெருவாக நடந்து சிறுவரை அழைத்துச் செபங்கள் கற்பித்தவர் அவர். திருமுழுக்கு அளித்து அளித்துக் கை சோர்ந்துபோனதை அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். அத்தகைய உழைப்பாளருக்கும் ஒரு குகை வேண்டியிருந்தது. அலையோசை தவிர வேறொன்றும் எட்டாத ஓர் இடம் வேண்டியிருந்தது. செப்டம்பர் 14 திருவிழாவில் இங்கே பெருங்கூட்டம் கூடும். மே மாதத்து ஞாயிறில் சில குடும்பங்களே இருந்தன.

குன்றின் ஒருபுறம் அலை ஓங்கி அடிக்கிறது. மறுபுறம் கடல் குளம்போல் அடங்கிக் கிடக்கிறது. அலை மிகுந்த புறத்தில் பலகை மீது நின்று அலையில் சறுக்கும் விளையாட்டுக்கு இப்போது வெளியூர் இளைஞர் வருகின்றனர். அமைதியான புறத்தில் வல்லங்கள் மணலில் ஏற்றி வைக்கப்பட்டிருந்தன. தடை நாட்டுப்படகுகளுக்கு இல்லையே, ஏன் கடலுக்குப் போகவில்லை என்று வினவினோம். கேள்வியே வியப்பாக இருந்ததுபோல், “இன்னைக்கு ஞாயித்துக்கிழமையில்லா?” என்று ஓர் இளைஞர் திருப்பிக் கேட்டார். இக்கரையின் பல கத்தோலிக்க ஊர்களில் ஞாயிறன்று கடலுக்குப் போவதில்லை. கடல் எவ்வளவு மீன் காட்டினாலும் அந்த ஒரு நாள் வலை நனையாது. கடையை ஒரு நாள் அடைத்தால் வாடிக்கை போய்விடும் என்று அஞ்சும் குடும்பத்திலிருந்து வந்த நாங்கள், அன்றாடப் பிழைப்பையே நம்பியிருப்போர் கரையேற்றி வைத்திருந்த அந்த வல்லங்களைச் சற்று நேரம் பேச்சின்றிப் பார்த்தோம்.

மணப்பாட்டுப் பெண்கள் பனையோலையில் பெட்டிகளும் கொட்டான்களும் முடைவதில் கைதேர்ந்தவர்கள். வீட்டுத் திண்ணையில் சாயமேற்றிய ஓலைப் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்த ஒரு பெண்ணிடம் அம்மா பேச்சுக் கொடுத்தார்.

“எங்கயிருந்து வாரிய, பெரியம்மா?”

“திண்டுக்கல் பக்கம்மா. எங்க வீட்டுல அவுக ஒருதரம் இந்தக் கோயிலுக்கு வரணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாக. வர முடியாமயே போயிருச்சு. நான் வந்திருக்கேன்.”

அப்பெண் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தார். “அப்பம் ரெண்டு பேருக்கும் சேத்து இருந்துட்டுப் போங்க. அவசரம் எதுக்கு?” என்றார்.

அம்மா அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டார். திருப்பலி முடிந்து, குகையில் செபித்து, அமைதியான புறத்து மணலில் கோவிலின் நிழல் விழும் இடமாகப் பார்த்து உட்கார்ந்தவர், எழுந்திருக்கவே இல்லை. அன்றே உவரிக்கும் போய், மாலைக்குள் குமரியை எட்டுவது என்பது எங்கள் திட்டம். பத்து மணி பதினொன்றாயிற்று, பதினொன்று பன்னிரண்டாயிற்று. ஓட்டுநர் இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போனார். குழந்தைகள் மணலில் கோட்டை கட்டினர், இடித்தனர், மீண்டும் கட்டினர். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோமேயன்றி எவரும் வாய் திறக்கவில்லை. எழுபத்து நான்கு வயதில் முதன்முறையாகத் தம் கால்களில் அலை நுரையைத் தாங்கிக்கொண்டு அவர் அமர்ந்திருந்தார். நெடுநேரம் கழித்து, கடலைப் பார்த்தபடியே சொன்னார்: “உங்கப்பா இப்படி சும்மா உக்காந்து நான் ஒரு நாளும் பாத்ததில்ல.”

அதில் குறை சொல்லும் தொனி இல்லை, கண்ணீரும் இல்லை. ஆயினும் நாங்கள் மூவரும் அந்த நொடியில் ஒன்றையே எண்ணினோம் என்று பின்னர் பேசிக்கொண்டபோது தெரிந்தது. அப்பா எங்களுக்காகத்தான் உட்காரவில்லை. எங்கள் படிப்பும் திருமணமும் அந்தத் திறந்த கதவு வழியாகவே வந்தன. அந்த உழைப்பை நன்றியோடு வணங்குகிறோம். எனினும் அதை மரபாக எங்கள் பிள்ளைகளுக்கு விட்டுச்செல்வதா என்ற கேள்வி அந்த மணலில் எழுந்தது. அன்றிரவு மணப்பாட்டுக்கு அருகிலேயே தங்கினோம்.

முனையில் சந்திக்கும் இரு காலங்கள்

திங்களன்று உவரி. கோடி அற்புதர் புனித அந்தோணியாரின் திருத்தலத்தில் எந்த நாளும் நேர்ச்சைக்காரர்களின் கூட்டம் உண்டு. அருகே கப்பல் வடிவில் கட்டி, மேலே வானூர்தி உருவையும் வைத்த கப்பல் மாதா ஆலயம் குழந்தைகளை மகிழ்விக்கும். பிற்பகலில் கன்னியாகுமரி சென்றோம்.

குமரி முனையில் காண வேண்டியவை பலரும் அறிந்தவையே. 1970இல் திறக்கப்பட்ட விவேகானந்தர் பாறை நினைவகம், 2000ஆம் ஆண்டின் முதல் நாள் திறக்கப்பட்ட 133 அடி வள்ளுவர் சிலை, இரண்டையும் இணைத்து 2024 டிசம்பரில் திறக்கப்பட்ட கண்ணாடிப் பாலம், காந்தி மண்டபம் ஆகியவை உள்ளன. படகுக்குக் காலையில் முதல் ஆளாக நிற்பது நல்லது. கடல் சீற்றமாயிருந்தால் படகு விடமாட்டார்கள். அலங்கார உபகார மாதா திருத்தலத்தின் வெண்கோபுரம் கடலுக்கு மிக அருகில் எழுந்து நிற்கிறது. கிழக்கே சில கிலோமீட்டரில் வட்டக்கோட்டை. அதன் மதில் மேல் நின்றால் ஒருபுறம் மலையும் மறுபுறம் கடலும் தெரியும். 1741இல் குளச்சல் போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்ற டச்சுத் தளபதி டிலனாய், பின்னர் அம்மன்னரின் படைக்கே தலைவராகிச் செப்பனிட்ட கோட்டை அது. அதே டிலனாய் வழியாகத்தான் நீலகண்ட பிள்ளை கிறிஸ்துவை அறிந்து, 1745இல் வடக்கன்குளத்தில் தேவசகாயம் என்ற பெயரில் திருமுழுக்குப் பெற்றார். 1752இல் மறைசாட்சியாக உயிர் துறந்த அவர் 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டார். நாகர்கோவில் கோட்டாறு சவேரியார் பேராலயத்தில் அவர் கல்லறை உள்ளது. கடற்கரைப் பயணத்தில் ஒரு மணி நேரத்தை அதற்கு ஒதுக்குவது தகும்.

குமரியில் எங்களை மிகவும் ஈர்த்த செய்தி எந்த வழிகாட்டி நூலிலும் இல்லாதது. முனைக்குக் கிழக்கே சின்னமுட்டம் துறைமுகத்தில் விசைப்படகுகள் தூத்துக்குடியைப் போலவே கட்டிக் கிடந்தன. முனையைச் சுற்றி மேற்கே முட்டத்திற்கும் குளச்சலுக்கும் சென்றால் படகுகள் வழக்கம்போல் கடலுக்குப் போய்வந்துகொண்டிருந்தன. மேற்குக் கரையின் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை என்பதே காரணம். ஒரே மாவட்டம், ஒரே மக்கள், ஒரே மறை. ஆயினும் ஒரு கரை உழைக்கும்போது மறு கரை ஓய்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று எழும் காலத்தில் மேற்கு ஓயத் தொடங்க, சில நாள்களில் கிழக்கு மீண்டும் எழுந்துகொள்கிறது.

ஆயினும் இக்கரையின் ஞாயிறைப் பற்றிப் பேசுவோர் 2004 டிசம்பர் 26ஐ மறைத்துப் பேச இயலாது. அதுவும் ஞாயிறுதான், கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள். கடலுக்குப் போகாமல் மக்கள் கரையில் இருந்த அந்தக் காலையில்தான் ஆழிப்பேரலை வந்தது. குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி ஆகிய ஊர்கள் பெரும் உயிரிழப்பைக் கண்டன. மணக்குடிப் பாலத்தையே அலை பெயர்த்துப் போட்டது. ஓய்வு நாளைக் கடைப்பிடித்தவர்களை அந்நாளிலேயே கடல் கொண்டுபோனது ஏன் என்ற கேள்விக்கு எங்களிடம் விடை இல்லை. குமரிக் கடற்கரையிலுள்ள ஆழிப்பேரலை நினைவுத்தூணின் முன் நின்று அம்மா ஒரு பத்து மணி செபமாலை சொன்னார். நாங்களும் சேர்ந்து சொன்னோம். ஒன்று மட்டும் கேட்டறிந்தோம். அதற்குப் பின்னும் அவ்வூர்கள் ஞாயிறை விட்டுவிடவில்லை. அச்சத்தால் கைவிடாத அந்த நாள், ஆதாயம் கருதி மட்டும் கடைப்பிடித்த நாளாக இருக்க முடியாது.

கடலைக் காணச் செல்வோர் அதன் இயல்பையும் சிறிது அறிந்து செல்ல வேண்டும். 2024 மே மாதத்தில் இம்மாவட்டக் கடற்கரை ஒன்றில் பயிற்சி மருத்துவர் ஐவர் ஒரே நாளில் அலையில் சிக்கி மாண்டனர். கள்ளக்கடல் என்று மீனவர் கூறும் சீற்றம் அப்போது நிலவியது. உள்ளூரில் காற்றோ மழையோ இருக்காது, வானம் தெளிந்திருக்கும். எங்கோ தென்பெருங்கடலில் வீசிய புயல் எழுப்பிய நெடிய அலைகள் பல நாள் பயணம் செய்து இங்கே திடீரெனக் கரையேறும். அரசின் எச்சரிக்கையைக் கேட்டுக்கொள்வதோடு, கரையில் நிற்கும் மீனவர் ஒருவரிடம், “இன்று இறங்கலாமா?” என்று கேட்பது நலம். அவர் வேண்டாம் என்றால் கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்வோம்.

விளக்குகளை எண்ணிய இரவு

கடைசி நாள் மாலை முட்டத்தில் கழிந்தது. செம்மண் மேடும், கடலுக்குள் சரியும் பெரும்பாறைகளும், கலங்கரை விளக்கமும் உள்ள எழிலான ஊர். திரைப்படங்கள் வழியாகப் பலர் இதைக் கண்டிருப்பர். இருட்டியபின் தொடுவானத்தில் படகு விளக்குகள் ஒவ்வொன்றாக எழுந்தன. குழந்தைகள் அவற்றை எண்ணத் தொடங்கி, எண்ணிக்கை தவறித் தவறி மீண்டும் எண்ணினர். அருகில் அமர்ந்திருந்த உள்ளூர்ப் பெண்மணி ஒருவர், “எண்ணாதீங்க மக்கா. விடியும்போது எண்ணினா போதும்” என்றார். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது இம்மாவட்டத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போயிருந்த பலர் திரும்பவில்லை. பல வாரங்கள் எண்ணிக்கொண்டே இருந்த கரை இது. எங்களுக்கு அழகாகத் தெரிந்த விளக்குகள் அவருக்கு ஆட்கள். ஒரே கடலை இரு வேறு கண்கள் பார்க்கின்றன. விருந்தினராகச் செல்லும் நமக்கு அந்த இரண்டாம் கண் ஒருமுறையேனும் வாய்க்க வேண்டும்.

அன்றிரவு விடுதியில் அமர்ந்து நீண்ட நேரம் பேசினோம். திருவிவிலியம் ஓய்வு நாளைப் பற்றிக் கூறும்போது வீட்டுத் தலைவனோடு நின்றுவிடவில்லை. பணியாளரும் அந்நியரும் கால்நடையும் அந்நாளில் ஓய வேண்டும் என்கிறது. ஏழாம் ஆண்டில் நிலத்தையும் உழாமல் விடச் சொல்கிறது. நம் ஆண்டவரும் களைத்து வந்த சீடரைத் தனிமையான இடத்திற்கு அழைத்தார். தாமும் படகில் தலையணை மேல் உறங்கினார். மண்ணுக்குச் சொல்லப்பட்டது கடலுக்கும் பொருந்தும் என்பதை 61 நாள் தடை நமக்குக் காட்டுகிறது. ஆனால் வலை பின்னிய முதியவர் சொன்னதையும் மறக்க முடியாது. கூலி இல்லாத ஓய்வு ஏழைக்கு ஓய்வன்று, பட்டினி. ஒருவர் இளைப்பாற வேண்டுமானால் அந்த நாளின் உணவை வேறு யாரேனும் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

அப்பாவின் கடையை இப்போது நடத்துபவர் எங்களுள் மூத்தவர். கடையில் இரண்டு பையன்கள் வேலை செய்கின்றனர். ஞாயிறன்று கடையை அடைக்கலாமா என்ற பேச்சு எழுந்தபோது எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. எதிரே புதிதாகக் கடை வந்திருக்கிறது. ஞாயிறு வியாபாரமோ மற்ற நாள்களைவிட மிகுதி. கணக்குப் போட்டுப் பார்த்தபோது இழப்பு சிறிதாக இல்லை. அதுவரை கேட்டுக்கொண்டிருந்த அம்மா, “அடைச்சிருங்க. ஆனா பையனுங்களுக்கு அந்த நாள் சம்பளத்தப் பிடிக்கக் கூடாது” என்றார். அதன்பின் பேச்சு இல்லை. ஜூன் மாத முதல் ஞாயிறு தொட்டுக் கடை அடைக்கப்படுகிறது. வாடிக்கையாளர் சிலர் எதிர்க் கடைக்குப் போய்விட்டனர் என்பது உண்மை. சனிக்கிழமை இரவே வந்து வாங்கிச் செல்லப் பழகியவர்களும் உண்டு. ஓராண்டு கழித்துக் கணக்கு என்ன சொல்லும் என்பதைப் பிறகு பார்ப்போம்.

வாசக அன்பர்களே, வரும் விடுமுறையில் நீங்களும் இக்கரைக்கு வரக்கூடும். நான்கு நாளில் பத்து இடங்களைக் காண்பதைவிட, நான்கு இடங்களில் உட்கார்ந்து வருவது மேல். விசைப்படகின் பரபரப்பைக் காண விரும்பினால் மே மாதத்தில் மேற்குக் கரைக்கும், ஜூன் நடுப்பகுதிக்குப் பின் கிழக்குக் கரைக்கும் செல்லுங்கள். ஏலக் கூடத்தில் ஓரமாக நின்று பாருங்கள். அது அவர்களின் வேலையிடம். ஓலைப் பெட்டிக்கும் கருப்பட்டிக்கும் பேரம் பேசாமல் விலை கொடுங்கள். குடித்த புட்டிகளையும் தின்ற பொட்டலங்களையும் உங்கள் வண்டியிலேயே திரும்பக் கொண்டுவாருங்கள்.

வீட்டில் முதியோர் இருந்தால் அவர்களை அழைத்துச் செல்லுங்கள். மணப்பாட்டுக்குத் திருச்செந்தூரிலிருந்து பேருந்து உண்டு. இருபது கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவுதான். குன்றின் நிழல் மணலில் விழும் காலை நேரமாகப் பார்த்துச் சென்று, அவர்களை அமர வைத்துவிட்டு, எப்போது எழலாம் என்பதை அவர்களிடமே விட்டுவிடுங்கள். அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று மட்டும் சொல்லாதீர்கள்.